பிடித்த நாவலை முடித்தாயிற்று, அடுத்து எது? காரைக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு நல்ல நாவலை முடித்த மறுநாள் பெரும்பாலானோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? போனை எடுத்து "இதே மாதிரி நாவல்" என்று தேடுகிறார்கள். முதலில் கண்ணில் பட்டதை வாங்குகிறார்கள். நாற்பதாவது பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகுகிறார்கள். அந்த டிக்கெட் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

காரைக்குடியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் தொடர்ந்து தடுக்கி விழுகிறார்கள். புத்தகம் கிடைக்காததால் இல்லை, கேள்வியைத் தப்பாகக் கேட்பதால். கதை எதைப் பற்றியது என்பதை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அந்த நாவலில் உங்களைப் பிடித்து வைத்தது எது என்று பார்த்துத் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும். கீழே இருப்பதை வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்

முதலாவது, முடித்த அந்த நாவலே. நூலகப் புத்தகம் என்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், ஓரிரு நாள் வைத்திருங்கள். ஏன் என்பது நான்காவது படியில் தெரியும்.

இரண்டாவது, ஒரு நோட்டு. போனில் எழுதினாலும் சரிதான், ஆனால் போனைத் திறந்த கையோடு தேட ஆரம்பித்துவிடுவோம், அதனால் காகிதம் நல்லது.

மூன்றாவது, இதுவரை படித்ததில் மனதில் நின்ற நாலைந்து நாவல்களின் பெயரும், பாதியில் விட்ட இரண்டு மூன்றின் பெயரும். விட்டதை எழுதச் சொன்னால் பலருக்குக் கூச்சம், 'எல்லாரும் புகழ்கிற புத்தகம், எனக்குத்தான் புரியவில்லை போல' என்று மறைத்துவிடுவார்கள். மறைக்க வேண்டாம். பிடித்த பட்டியல் நீங்கள் போகவேண்டிய திசையைத்தான் காட்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை விட்ட பட்டியல்தான் சொல்லும்.

நான்காவது, நூலக உறுப்பினர் அட்டை. வைப்புத்தொகையும் சந்தாவும் சின்னத் தொகைதான். அட்டை இல்லாதவர் படிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டும், காசு கொடுத்துவிட்டோமே என்று பிடிக்காததையும் இழுத்துக்கொண்டு கிடப்பார். பத்தாவது, பதினோராவது படிகளில் புத்தகத்தைத் தயங்காமல் கீழே வைக்க வேண்டியிருக்கும், அதற்கு இலவசப் புத்தகம்தான் வசதி.

2. முடித்த அன்றே நாலு வரி எழுதுங்கள்

கடைசிப் பக்கத்தை மூடியதும், வேறு யாருடைய கருத்தையும் படிக்கும் முன், இதை எழுதிவிடுங்கள்: எந்த இடத்தில் தூக்கத்தைத் தள்ளிப் போட்டீர்கள், எந்த இடத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் வாசித்துக் காட்டினீர்கள், எந்த ஆள் போனதும் கதை சப்பென்று ஆனது, எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனீர்கள்.

"மொழிநடை அருமை, பாத்திரப் படைப்பு அபாரம்" என்றெல்லாம் எழுதினால் அந்த நோட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது மதிப்புரை, எந்த நாவலுக்கும் பொருந்தும். "அடுப்படியில் மாமியாரும் மருமகளும் பேசாமலே சண்டை போடுகிற இடம்" என்று எழுதினால் அதை வைத்துத் தேடலாம்.

அன்றே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு பேருடைய விமர்சனத்தைப் பார்த்துவிட்டால், அவர்களுக்குப் பிடித்ததே நமக்கும் பிடித்தது என்று மனசு மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதைச் சுருக்கம்தான் ஞாபகத்தில் இருக்கும், படிக்கும்போது உள்ளே நடந்தது இருக்காது.

3. பிடித்து வைத்தது எது என்று பிரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஆகும், ஆகட்டும். எழுதிய நாலு வரியையும் பார்த்து, கீழே உள்ளவற்றில் எதில் அதிகம் விழுகிறது என்று பாருங்கள்: இடமும் காலமும், சொல்லும் குரல், கதையின் வேகம், ஒரு குறிப்பிட்ட ஆள், தெரியாத ஒரு தொழிலையோ வாழ்க்கையையோ உள்ளே போய்ப் பார்த்த சுகம். ஐந்தும் கலந்துதான் இருக்கும். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கனமாக இருக்கும், அதைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வட்டமிட்டால் போதும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்வோம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து இந்தோனேசியாவின் மெடான், மலேயாவின் பினாங்கு எல்லாம் அதில் வரும். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், நம் மாவட்டம்தான். அதை முடித்துவிட்டு வரும் இளைஞர் கேட்கும் முதல் கேள்வி "வேற யுத்த நாவல் இருக்கா?" என்பதுதான். சரி என்று போரைப் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

அதே ஆளிடம் "எந்த இடத்தை வீட்டில் வாசித்துக் காட்டினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நம்மவர்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் கடைச் சிப்பந்திகளான பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் மேலாளும் இருக்கும் இடம் என்பார். தன் ஐயா பர்மாவிலோ மலேயாவிலோ இருந்த காலத்தைப் பற்றி வீட்டில் கேட்ட அரைகுறைக் கதையெல்லாம் அங்கே உயிரோடு நடமாடியது என்பார். அப்படியானால் அவருக்கு வேண்டியது யுத்தமே இல்லை, கொண்டு விற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர்களின் அன்றாடம். இன்னொருவர் அதே நாவலில் மதுரைத் தெருக்களை நினைத்துப் புலம்பும் பக்கங்களைச் சொல்வார், அவருக்கு வேண்டியது குரல். மூன்றாமவர் கடலையும் துப்பாக்கியையும் சொல்வார், அவருக்குத்தான் உண்மையில் சாகசம் வேண்டும்.

புத்தகம் ஒன்றுதான், மூன்று பேருக்கும் அடுத்தது வேறு வேறு. 'இதே மாதிரி' என்று ஒரே பட்டியலை எல்லாருக்கும் கொடுப்பவர்களிடம் உங்கள் நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, ஐந்தையும் ஒரே புத்தகத்தில் கேட்பது. ஐந்தும் அப்படியே இருக்கிற நாவல் ஒன்றுதான், அதை நீங்கள் ஏற்கெனவே படித்தாயிற்று.

4. முடித்த புத்தகத்தையே திரும்பப் புரட்டுங்கள்

புத்தகத்தை உடனே திருப்ப வேண்டாம் என்றது இதற்குத்தான். முதலில் பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள், தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இப்போது கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். 1960-களில் எழுதிய நாவல் நேற்று அச்சானது போலப் பளபளவென்று கடையில் இருக்கும். அந்த மொழியும் நிதானமும் பிடித்திருந்தால், தேட வேண்டியது அந்தப் பத்தாண்டைத்தானே தவிர புதிய வெளியீடுகளை இல்லை.

அடுத்து முன்னுரை. நாவலை முடித்தபிறகுதான் முன்னுரையைப் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், நம் ஊர் முன்னுரைக்காரர்களில் பாதிப் பேர் முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள். முடித்தபின் படித்தால் அது சுரங்கம். எழுதியவர் எந்தெந்த எழுத்தாளர்களைப் பிரியமாகச் சொல்கிறார், யாருக்கு நன்றி சொல்கிறார், யாரோடு தன்னை ஒப்பிட வேண்டாம் என்கிறார் என்று பாருங்கள். தெரியாத பெயர்களை எல்லாம் நோட்டில் ஏற்றுங்கள்.

கடைசிப் பக்கங்களில் பதிப்பகத்தின் மற்ற நூல்கள் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. சின்னப் பதிப்பகம் என்றால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒருவருடைய ருசிதான். அவருடைய தேர்வு ஒன்று உங்களுக்குப் பிடித்துப் போனதென்றால் இன்னொன்றும் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரிய பதிப்பகம் எல்லாமும் போடும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

5. அதே ஆசிரியர்: போகலாம், கொஞ்சம் கணக்குப் பார்த்து

மூன்றாவது படியில் குரல் என்று வந்தவர்களுக்கு இதுவே சுருக்கு வழி. இடம், காலம், ஆள் என்று வந்தவர்கள் நிதானியுங்கள்.

சிங்காரம் எழுதிய நாவல்களே இரண்டுதான். இன்னொன்று 'கடலுக்கு அப்பால்', 1959. கிட்டங்கி வாழ்க்கை பிடித்தவர்கள் தைரியமாக அதற்குப் போகலாம், வட்டிக் கடையில் வேலை பார்க்கும் செல்லையாவின் கதை. தோணியின் கட்டுக்கடங்காத பேச்சை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள், இது நேரான கதை, உள்ளே ஒரு காதல், அதற்குக் குறுக்கே கணக்குப் பார்க்கும் முதலாளி.

கல்கி வாசகர்களுக்கு வரிசைக் குழப்பம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, ஐந்து பாகம். படம் பார்த்துவிட்டுப் படித்தவர்கள் முடித்த வேகத்தில் 'சிவகாமியின் சபத'த்துக்கோ 'பார்த்திபன் கன'வுக்கோ தாவுகிறார்கள். இரண்டில் முன்னால் எழுதப்பட்டது பார்த்திபன் கனவு, கதைக் காலத்தில் முந்தியது சிவகாமி. சிவகாமியில் இளவரசனாக வரும் நரசிம்மவர்மரைக் கனவில் வயது முதிர்ந்த சக்கரவர்த்தியாகப் பார்ப்போம். நான் சிவகாமியை முதலில் படிக்கச் சொல்வேன், ஆனால் நீளத்தைக் கண்டு பயப்படுபவருக்குக் கனவுதான் சின்னது.

ஒரே ஆசிரியரை அடுத்தடுத்துப் படிப்பதில் சிக்கல் என்னவென்றால், அவருடைய கைப்பழக்கங்கள் எல்லாம் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். இங்கே இப்படி ஒரு திருப்பம் வரும், இந்த ஆள் மாறுவேடத்தில் வருவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் முதல் புத்தகத்தின் சுகமும் சேர்ந்து குறையும். நடுவில் வேறொருவரை விடுங்கள்.

6. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள்

பிரித்துக் கண்டுபிடித்த அந்த ஒன்றை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற நாலில் ஒன்றோ இரண்டோ மாறட்டும். எல்லாம் அதே போல இருந்தால் நகல் வாசனை அடிக்கும், எல்லாம் மாறினால் புதிதாக ஆரம்பித்த மாதிரி.

வெளிநாடு போன தமிழர் வாழ்க்கைதான் பிடித்தது என்றால், வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து உடம்பு உழைத்தவர்களின் பக்கத்துக்கு மாறிப் பார்க்கலாம். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேசிய ரப்பர்த் தோட்டத்தில் நடக்கிறது. கடல் அதே கடல்தான், ஆள் வேறு, குரல் வேறு.

பெரிய சரித்திரக் கலவரத்துக்கு நடுவே ஓர் இளைஞன் மாட்டிக்கொண்டதுதான் பிடித்தது என்றால் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. இந்தியாவோடு இணைவதற்கு முந்தைய ஹைதராபாத், கல்லூரிப் பையன் ஒருவன், கிரிக்கெட், மாடு, தெருவில் கலவரம். சிங்காரத்தின் குரலுக்கு நேர் எதிர்: ஒரு சொல்கூட அதிகம் இருக்காது. குரலுக்காகத் தோணியை விரும்பியவர் இதற்குள் நுழைந்தால் 'என்ன, ஒண்ணுமே நடக்கலையே' என்பார்.

பொன்னியின் செல்வனுக்கும் இதே கணக்குதான். வந்தியத்தேவனின் ஓட்டம்தான் வேண்டும் என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா', மூன்று பாகம். ராஜராஜன் அரசனான பிறகு என்ன ஆனது, பெரிய கோயில் எப்படி எழுந்தது என்பதுதான் ஆசை என்றால் பாலகுமாரனின் 'உடையார்', ஆறு பாகம், அதில் ஓட்டம் கிடையாது, கோயில் கட்டுவதும் அதைச் சுற்றிய மனிதர்களும்தான். ராஜேந்திரனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. மூன்றையும் 'சோழர் நாவல்' என்று ஒரே கட்டாகக் கட்டிக் கொடுப்பவர்கள் உண்டு, அதனால்தான் உடையாரின் முதல் பாகத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

7. ஆட்களிடம் கேட்பது எப்படி

"நல்ல நாவல் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் அவருக்குப் பிடித்ததைச் சொல்வார். அதில் தப்பில்லை, உங்களுக்கு உதவாது, அவ்வளவுதான். கேள்விக்குள் நீங்கள் இருக்க வேண்டும்: முடித்த நாவல் ஒன்று, அதில் பிடித்த ஒரு விஷயம், வேண்டாத ஒரு விஷயம். "கிட்டங்கி மாதிரி ஒரு தொழிலுக்குள்ள கூட்டிட்டுப் போற நாவல் வேணும், ஆனா ஐந்நூறு பக்கத்துக்கு மேல வேணாம்" என்று கேட்டால் நூலகருக்கும் சுலபம், புத்தகத் திருவிழாவில் ஸ்டால் போட்டிருப்பவருக்கும் சுலபம். திருவிழாவில் மாலை நேரக் கூட்டத்தில் கேட்டால் மேலே இருக்கும் புத்தகத்தைத்தான் எடுத்துத் தருவார், பகலில் ஆளில்லாத நேரத்தில் போங்கள்.

செட்டிநாட்டில் இன்னொரு வழி இருக்கிறது, இளையவர்கள் இதை மறந்தே போகிறார்கள். வாரப்பத்திரிகைத் தொடர்கதையை வாரம் தவறாமல் படித்த ஆச்சிமார் நம் வளவு வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் எழுத்தாளர் பெயரைக் கேட்காதீர்கள். கதையைச் சொல்லிக் கேளுங்கள்.

"ஆச்சி, ஒரே வீட்டுக்குள்ளயே நடக்குற மாதிரி தொடர்கதை ஏதாச்சும் படிச்சிருக்கீகளா?"

"ஏன் படிக்காம? ரெண்டு மருமகமாரும் ஒரு அடுப்பு வச்சுக்கிட்டுப் படுற பாடு ஒண்ணு வந்துச்சு தம்பி. பேரு மறந்துபோச்சு. எழுதுனது ஒரு பொம்பளப்புள்ளதான். பத்திரிகை வர்ற அன்னைக்கு எங்க வீட்டுல யார் முதல்ல படிக்கிறதுன்னு சண்டையே வரும்."

பெயர் கிடைக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் பத்திரிகை, அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, படம் போட்டது யார் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். காலம் ஏறக்குறையத் தெரிந்தால் பெயரைப் பிடித்துவிடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவைதான் இன்று சென்னை தரமணியில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. பழைய தமிழ்ப் புத்தகமோ பத்திரிகையோ பற்றிச் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம்.

8. பரிசுப் பட்டியலும் இணைய நட்சத்திரங்களும்

சாகித்திய அகாதெமி பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது வருவார்கள். அதில் கவிதை, சிறுகதை, கட்டுரை, திறனாய்வு எல்லாம் கலந்து இருக்கும். நாவலை மட்டும் பிரித்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. 2011-இல் பரிசு பெற்ற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 1997-இல் பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' ஒரு கடற்கரை ஊரின் குடும்பச் சரிவு, பேச்சு மொழியே தனி. இரண்டும் நல்லவை. உங்கள் நோட்டில் உள்ள அந்த ஒன்றோடு எது சேர்கிறது என்பதுதான் கேள்வி.

விற்பனைத் தளங்களில் "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று காட்டுவது வாங்கியதைத்தான், படித்ததை இல்லை. நட்சத்திரத்தைப் பார்க்காமல், இரண்டு நட்சத்திரமும் மூன்று நட்சத்திரமும் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். "ஒரே பேச்சு, கதையே நகரவில்லை" என்று ஒருவர் அலுத்துக்கொண்டிருந்தால், பேச்சுக்காகவே படிக்கும் உங்களுக்கு அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

9. புத்தகம் கைக்கு வரும் வழிகள்

இந்த நேரத்தில் நோட்டில் ஐந்தாறு பெயர் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். முதலில் நூலகம். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கியிருந்தால் தமிழ்ப் புனைகதைக்கு எண் 894.8113. அந்த வரிசையில் நாவலும் சிறுகதையும் கலந்தே நிற்கும், அட்டையை மட்டும் பார்த்து எடுத்து வந்துவிட்டு "கதை பாதியில் முடிஞ்சு வேற ஆள் வர்றார்" என்று குழம்பாதீர்கள், உள்ளடக்கத்தைப் பாருங்கள்.

கல்கி போன்ற நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்கள் என்றால் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் பல நாவல்கள் இலவசமாகக் கிடைக்கும். பத்து அத்தியாயம் போனில் படித்துப் பார்த்து, பிடித்தால் அச்சுப் புத்தகம் வாங்கலாம். நாட்டுடைமை ஆன நாவல்களைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன, அதில் சுருக்கப் பதிப்புகளும் உண்டு. விலை மட்டும் பார்த்து எடுத்தால் கதைச் சுருக்கம் கையில் வரும். பாகம் பாகமாக இருக்கும் நாவல் என்றால் முதல் பாகம் மட்டும் வாங்குங்கள்.

இனி நம் ஊருக்கே உரியது: பைண்டு செய்த தொடர்கதை. பத்திரிகையிலிருந்து வாராவாரம் பக்கங்களைக் கிழித்தெடுத்து, தொடர் முடிந்ததும் காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்து, முதுகில் மையால் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் இங்கே பல வீடுகளில் இருந்தது. முன்னோரை வணங்கும் படைப்புக்காகப் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது, சாமான் அறையைச் சுத்தம் செய்கிற சாக்கில், உரிமை உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளிலும் மரச்சாமானுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே எப்போதாவது ஒன்று அகப்படும்.

அப்படி ஒன்று கையில் கிடைத்ததும் முதல் அத்தியாயத்தைப் பார்க்காதீர்கள், கடைசியைப் பாருங்கள். "முற்றும்" இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஊருக்குப் போன வாரத்துப் பத்திரிகை, இரவல் போன பத்திரிகை, இப்படி இரண்டு அத்தியாயம் காணாமல் போயிருக்கும். அப்புறம் முதுகுப் பக்கம்: பைண்டர் ஆழமாகத் தைத்திருந்தால் உள் வரியின் கடைசி எழுத்துகள் தையலுக்குள் போயிருக்கும், வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் தாள் ஒடியும். பக்கத்துக்குப் பின்னால் தலைவலித் தைல விளம்பரம், சமையல் குறிப்பில் பாதி, இதெல்லாம் இலவச இணைப்பு.

தொடராக வந்ததைப் புத்தகமாக்கும்போது எழுதியவர்கள் சில சமயம் திருத்தியிருப்பார்கள். அதனால் பைண்டில் படித்ததும் கடைப் புத்தகமும் அங்கங்கே ஒத்துப்போகாமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

10. சோதனை: முதல் இருபது பக்கமும் நடுவில் ஒரு பக்கமும்

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டாம், அங்கே எல்லா நாவலும் மகத்தானவை. முதல் இருபது பக்கம் படியுங்கள், பிறகு நடுவில் எங்காவது திறந்து ஒரு பக்கம் மட்டும். முதல் பக்கங்களை எழுதியவர் இழைத்து இழைத்து வைத்திருப்பார், நடுப்பக்கம்தான் அவருடைய சாதாரண நடையைக் காட்டும். மூன்றாவது படியில் எழுதிய அந்த ஒன்று இந்த இரண்டு இடத்திலும் கொஞ்சமாவது தென்படுகிறதா? தென்பட்டால் எடுங்கள்.

வட்டார வழக்கு ஒரு தனிப் பிரச்சினை. கரிசல் பேச்சோ, கடலோரப் பேச்சோ, நாஞ்சில் நாட்டுப் பேச்சோ முதல் பதினைந்து பக்கத்துக்குத் தடுக்கத்தான் செய்யும். அது புத்தகம் பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம் இல்லை. பேச்சை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். சில பதிப்புகளில் கடைசியில் சொற்பொருள் பட்டியல் இருக்கும், அதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் நடுவில் தேட வேண்டாம். ஐம்பது பக்கம் போயும் தடுக்கினால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று வைத்துவிடுங்கள்.

நீளத்தையும் பாருங்கள். இரண்டாயிரம் பக்கத் தொடரை முடித்த கையோடு ஆயிரம் பக்க நாவலை எடுப்பவர்கள் அதிகம், அது ஏதோ பழக்கவேகம். நடுவில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' மாதிரி ஒரே மூச்சில் முடியும் குறுநாவல் ஒன்றை விடுங்கள். முன்னால் படித்ததன் ஓசை காதை விட்டுப் போவதற்கு அது போதும், மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம்.

11. விடுவதும் அடுக்குவதும்

பிடிக்காத நாவலை எத்தனையாவது பக்கத்தில் விடலாம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பக்கக் கணக்கு வேண்டாம். தொடர்ந்து மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் இரண்டு பக்கத்துக்குள் போனைத் தேடினால் விட்டுவிடுங்கள். விடும்போது நோட்டில் ஒரே ஒரு வரி: எது தடுத்தது. குரலா, வேகமா, ஆளா. அடுத்த தடவை நூலகரிடம் 'வேண்டாதது' என்று சொல்வதற்கு அந்த வரிதான் உதவும்.

கையில் எப்போதும் இரண்டு புத்தகம் இருக்கட்டும், மூன்று வேண்டாம். ஒன்று நோட்டின்படி சரியாகப் பொருந்துவது, இன்னொன்று யாரோ சொன்னதற்காக எடுத்தது. முதலாவது சறுக்கினால் அன்றைக்கே இரண்டாவதைத் திறக்கலாம், இடையில் ஒரு வாரம் வெறுமனே போய்விட்டால் படிக்கும் பழக்கமே விட்டுப்போகும்.

இரண்டும் சறுக்கினால் புதிதாகத் தேட வேண்டாம், மூன்றாவது படிக்குத் திரும்பிப் போங்கள். பிடித்தது என்று நீங்கள் வட்டமிட்டது தப்பாக இருக்கலாம். முடித்த நாவலில், அந்த நாலு வரியில் நீங்கள் குறித்த இடங்களை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார்த்து, வேறொன்றை வட்டமிட்டு, அங்கிருந்து மறுபடியும் ஆரம்பியுங்கள்.